சாமிக்கண்ணுவின் நாலாவது எருமை

“நீங்க வரலேன்னா நான் மட்டும் போறேன்” என்று தேன்மொழி படகின் கயிற்றை அவிழ்த்தாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது கணவன் ஞானவேலுக்குத் தெரியாதா என்ன? மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு ஏறினான். படகுக்காரன் கலியன் தலையில் அடித்துக்கொண்டே பின்னால் ஏறினான்.

மூன்று நாளாக விடாத மழை. கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியது. ஆற்று நடுவில் இருந்த திட்டு கிராமத்துச் சனமெல்லாம் கரையேறிவிட்டது, தேன்மொழியின் அப்பா சாமிக்கண்ணுவைத் தவிர. முனீஸ்வரன் மேடையை எந்த வெள்ளமும் தாண்டியதில்லையாம்! நாலு எருமைகளையும் அதன்மேல் கட்டிப்போட்டுவிட்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார் மனுஷன். தாண்டக் கூடாது என்பது இந்த வெள்ளத்துக்குத் தெரிய வேண்டுமே.

விடிந்ததிலிருந்து அவருடைய எருமைகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு நீந்தி வந்தன. ஆள் போய்விட்டார் என்று ஊரே கைவிரித்துவிட்டது. தேன்மொழி மட்டும் எருமைகளின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தாள். மூன்றும் அரிவாளால் அறுத்த கயிறு. மூன்றாவது எருமை இப்போதுதான் கரையேறியிருந்தது. தண்ணீர் ஏற ஏற ஒவ்வொன்றாக அறுத்து விடுகிறார் என்றால், சற்று முன்பு வரை அப்பா உயிரோடு இருந்திருக்கிறார்! இனி அவரிடம் மிச்சம் இருப்பது ஒரு சினை எருமைதான்.

ஞானவேலைக் காதலித்துக் கட்டிக்கொண்டு அவள் இக்கரைக்கு வந்து இரண்டு வருஷம். அன்றிலிருந்து அப்பா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் பால் கேனோடு இந்தத் துறையில்தான் இறங்குவார். அவள் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படியும் அவள் வெட்கங்கெட்டுப் போய் நிற்பாள். திட்டினால்கூடப் போதும், அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் போதும் என்று ஏங்கிக் கிடந்தாள்.

நேராக விட்டால் வெள்ளம் கடலில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். அதனால் கரையோரமாகவே படகை வெகுதூரம் மேற்கே இழுத்துப்போய், அங்கிருந்து குறுக்கே விட்டார்கள். வேரோடு வந்த தென்னை ஒன்று படகை உரசிக்கொண்டு போனது. கலியன் குலதெய்வத்தையும் ஞானவேலையும் மாறி மாறித் திட்டினான். கடைசியில் அப்பாவின் திட்டு கிராமம் தெரிந்தது. மேடையைக் காணோம், முனீஸ்வரனின் சூலம் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது.

அப்போது ஞானவேல் கிழக்கே கையை நீட்டினான். வெள்ளத்தில் ஓர் எருமைத் தலை! அதன் வாலைப் பிடித்தபடி சாமிக்கண்ணு! எருமை களைத்துப்போயிருந்தது. வெள்ளம் அதையும் அவரையும் இழுத்துக்கொண்டு போனது. கலியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போட்டான்.

படகு நெருங்கியதும் ஞானவேல் குனிந்தான். “மாமா, வால விட்டுட்டு என் கையப் புடிங்க.”

சாமிக்கண்ணு அந்தக் கையைப் பார்த்தார். “மொதல்ல அதுக்குக் கயிறு போடு. சினை மாடு.”

மாமனார் மருமகனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்! ஞானவேல் கயிற்றோடு ஆற்றில் குதித்தான். கொம்பில் சுருக்குப் போட்டு முடித்த பிறகுதான், கிழவர் வாலை விட்டு அவன் தோளைப் பிடித்தார். தேன்மொழி அவரைப் படகுக்குள் இழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் கயிற்றில் வந்த எருமையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு இரண்டு மைல் கீழே கரை ஒதுங்கினார்கள். கலியன் எருமையை ஓட்டிக்கொண்டு போனான். நடுங்கிக்கொண்டிருந்த அப்பாவிடம், வீட்டுக்கு வாங்க என்று சொல்லத் தேன்மொழிக்குத் தைரியம் வரவில்லை. அவர்பாட்டுக்குக் கரைமேல் முன்னால் நடந்தார். அவளும் ஞானவேலும் பின்னாலேயே போனார்கள்.

ஆற்றங்கரையில் ஒரே மாதிரி எட்டுத் தொகுப்பு வீடுகள். சாமிக்கண்ணு அந்தப் பக்கம் காலடி எடுத்து வைத்ததே இல்லை. இரண்டு வீடுகளைத் தாண்டிப் போய், மூன்றாவது வீட்டு வாசலில் நின்றார்.

தேன்மொழி ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றாள். “நம்ம வீடு இதுன்னு எப்படிப்பா தெரியும்?”

“தெனம் சாயங்காலம் நீ வெளக்குப் போடுற வரைக்கும் அங்க முனீஸ்வரன் மேடையில நின்னு பாத்துக்கிட்டுதானே இருக்கேன்” என்றார் அவர். “கதவத் தொற, குளுருது.”