பன்னிரண்டாவது ஊசி

குத்தியது பதினொன்று. எடுத்தது பன்னிரண்டு.

அக்குபஞ்சர் வைத்தியம் பார்க்கும் ஊசியம்மா கடைசி ஊசியைத் தட்டில் போட்டுவிட்டுச் சற்று நின்றார். பிறகு மறுபடியும் எண்ணினார். கட்டிலில் குப்புறப் படுத்திருந்த வேனக்காவுக்கு அவர் முகம் தெரியவில்லை; ஸ்டீல் தட்டில் ஊசிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது.

"சீட்டுல பதினொண்ணுன்னுதான் எழுதியிருக்கேன். எனக்குத்தான் எண்ணிக்கை தப்பிடுச்சு போல."

"கூட ஒண்ணு குத்தினா சீக்கிரம் சரியாயிடும், விடுங்கம்மா."

இருவரும் சிரித்தார்கள். ஊசியம்மாவின் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் என்பதால் அவள் எல்லோருக்கும் வேனக்கா. வேனில் பதினான்கு பிள்ளைகள். முதல் சீட்டில் அவளுடைய மகள். வண்டியில் ஏறிவிட்டால் மகளும் பெற்றவளை வேனக்கா என்றுதான் கூப்பிடுவாள், வீட்டுக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொள்வாள். ஆறு மாதமாக வேனக்காவுக்கு இடுப்பில் தொடங்கி வலது கால் வரை இழுக்கும் வலி. டாக்டர் கொடுத்த மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. தூங்கி வழிகிறவளிடம் யார் பிள்ளையை நம்பி அனுப்புவார்கள்? அதனால்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த இந்த அறைக்கு வந்தாள். ஊசியம்மா நியாயமானவர். முதல் நாளே, "டாக்டர்கிட்ட போறத நிறுத்தக் கூடாது, நான் பண்றது அதுக்குத் துணைதான்," என்று சொல்லிவிட்டார்.

அன்று மூன்றாவது முறை. அதோடு வலி போய்விட்டது. கூடவே இன்னொன்றும் போயிருந்தது. அன்றிரவு குளிக்கும்போது வலது பாதத்தில் வெந்நீர் விழுந்தது தெரியவில்லை. தோல் சிவந்திருந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

நான்காவது முறை போனபோது ஊசியம்மா கேட்டார். "எங்கயாவது மதமதன்னு இருக்கா? கால் மரத்துப்போற மாதிரி?"

"இல்லம்மா."

கூசாமல் பொய் சொன்னாள். பிரேக் மிதிக்கிற கால் மரத்துப்போகிறது என்று தெரிந்தால், மறுநாளே வேறு ஆளைத் தேடிவிடுவார்கள். தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

ஊசிகளைக் குத்திவிட்டு, "இருபது நிமிஷம், அசையாதீங்க," என்று சொல்லி ஊசியம்மா திரையை இழுத்துவிட்டு வெளி அறைக்குப் போனார். அவருடைய ரப்பர் செருப்பின் கீச்சுச் சத்தம் தேய்ந்து மறைந்தது. கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு வட்ட ஓட்டை உண்டு. அதன் வழியாகத் தரையின் ஒரு சதுர ஓடும், அதில் ஓடிய விரிசலும் மட்டும் தெரிந்தன. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது, கீழே கடையில் யாரோ கண்ணாடியைப் போட்டுப் பார்த்து எழுத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மதிய வெளிச்சத்தில், எந்தச் சத்தமும் இல்லாமல், ஓட்டைக்கு நேர் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன.

வெறும் கால்கள். நாள் கணக்காகத் தண்ணீரில் கிடந்தவை போல வெளுத்து, ஊறி, சுருங்கியிருந்தன. வலது பெருவிரலில் நகம் இல்லை.

திரைக்கு அப்பால் இருந்த பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர் இடம் மாறி வந்திருப்பார் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் நின்றன. போய்விட்டன. ஊசியம்மா வந்து எடுத்தபோது பன்னிரண்டு இருந்தது. இந்த முறை இருவரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் மரமரப்பு முழங்காலைத் தாண்டியது. இடுப்பைத் தாண்டியது. ஓர் இரவு மகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். பஞ்சு மூட்டை சாய்ந்தது போலத்தான் இருந்தது. அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் அதுவும் வரவில்லை. இதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது முறை படுப்பதற்கு முன் கேட்டுவிட்டாள். "பக்கத்துக் கட்டிலுக்கு யாரும்மா வர்றாங்க?"

"யாரும் இல்லையே. இந்த நேரத்துக்கு உங்கள மட்டுந்தான் வரச் சொல்றேன். ஏம்மா?"

"சும்மாதான்."

ஊசியம்மா அன்று ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணிக் குத்தினார். பதினொன்று. எதுவும் உறைக்கவில்லை. செருப்புச் சத்தம் தேய்ந்தது. மின்விசிறி. ஸ்பிரிட் வாடை. தரை ஓடு, விரிசல்.

வந்தன.

இந்த முறை நெருங்கி. விரல்கள் அவள் முகத்துக்கு நேர் கீழே. ஈரமான துணியின் வாடை. கூப்பிட நினைத்தாள். நாக்கு கனத்துக் கிடந்தது. முதுகில், நடுவில், எதுவுமே உணராத அந்த முதுகில், ஒரே ஒரு இடத்தில் சுருக்கென்றது. மெல்ல உள்ளே இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

கண்ணை மூடித் திறந்தாள். தரை காலியாக இருந்தது.

ஊசியம்மா வந்தார். ஒன்று, இரண்டு என்று எடுத்துப் போட்டார். முதுகு முழுவதும் தடவிப் பார்த்தார். "அப்பாடா! இன்னிக்கு சரியா இருக்கு. பதினொண்ணு."

இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி ஓட்டாதீங்க என்பார், மாலையில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வேனக்கா செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள். அந்தப் படிகளில் கால் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

பதினான்கு பிள்ளைகளும் ஏறினார்கள். பின்னால் பாட்டு, அடிதடி, தண்ணீர் பாட்டில் உருளும் சத்தம். கடைசித் தெரு முடிந்து ரயில்வே கேட்டுக்குப் போகும் சரிவில் வண்டி திரும்பியது. கீழே கேட் மூடியிருந்தது. சிவப்பு விளக்கு மாறி மாறி எரிந்தது.

"அம்மா."

மகள் கூப்பிட்டாள். வேனக்கா என்று கூப்பிடவில்லை.

"ஏம்மா செருப்பக் கழட்டிட்ட?"

"கழட்டலடி. உக்காரு."

"கீழ கிடக்குதே." மகள் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா... உன் நகம் எங்கம்மா?"

வேனக்கா குனிந்து பார்த்தாள்.

செருப்பு இரண்டும் ஓரமாகக் கிடந்தன. அவளுடைய சுடிதாரின் கீழ் விளிம்பிலிருந்து இரண்டு பாதங்கள் நீண்டிருந்தன. வெளுத்து. ஊறி. சுருங்கி.

பிரேக். வலது காலுக்குச் சொன்னாள். பிரேக். பயம் வந்திருக்க வேண்டும். அது எங்கோ ஆழத்தில் மரத்துக் கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுக்கக் கையை எடுத்தாள். கை ஸ்டீயரிங்கை விடவில்லை. மகள் அவள் தோளைப் பிடித்து உலுக்குவது கண்ணாடியில் தெரிந்தது. தோளில் தெரியவில்லை.

பின்னால் பாட்டு நின்றுவிட்டது. ரயிலின் ஊதல் கேட்டது.

நகமில்லாத பெருவிரல், வண்டி ஓட்டிப் பழகியவரின் நிதானத்தோடு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தியது.