மூடிக்கு வெளியே ஈரம்

ஜாய்சன் எழுந்தான். மோட்டார் போட்டான். மாடியில் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். பல் தேய்த்தான். கேட்டில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சி, சீனி போடாத காபியை நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு சந்துக்குள் இருந்த மாட்டுக்கறிக் கடைக்குப் போனான்.

"எந்தக் கறி தம்பி, நெஞ்சா தொடையா?"

"மெதுவா வேக வைக்கிற மாதிரி ஒண்ணு அண்ணாச்சி."

"நம்ம மாடெல்லாம் ரிட்டையர் ஆகித்தான் நம்மட்ட வருது. எதப் போட்டாலும் மெதுவாத்தான் வேகும்" என்றார் கடைக்காரர், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

வீட்டுக்கு வந்து பையை வைத்தபோதுதான் அதைப் பார்த்தான். கரண்டில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரின் கண்ணாடி மூடியை நேற்று இரவே கழுவி, துடைத்து, சமையல் மேடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். இப்போது மூடி முழுக்க முத்து முத்தாக நீர் பூத்திருந்தது. பக்கத்தில் இருந்த தட்டு காய்ந்திருந்தது. மேடையும் காய்ந்திருந்தது.

கடற்கரை ஊர், ஐப்பசி மாதம், காற்றில் ஈரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். துடைத்தான்.

அந்தக் குக்கரை வாங்கி வந்தவன் அவன் மனைவி சுஜிதாவின் தம்பி சிலுவை. கப்பலில் வேலை. பாப்பா பிறந்த வருஷம் கொரியாவில் பூசான் துறைமுகத்தில் இறங்கியபோது அக்காவுக்கென்று வாங்கியது. சுஜிதாவுக்குக் கொரியத் தொடர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். "அங்கன மாட்டுக்கறிய வாயில போட்டா கறி கரையுது. நம்ம வீட்டுல போட்டா பல்லு கரையுது" என்பாள். அந்தக் கறியை ஒருநாள் செய்துவிட வேண்டும் என்று சோயா சாஸும் சிவப்பு மிளகாய் விழுதும் வாங்கி வைத்தாள். செய்வதற்குள் காய்ச்சல் வந்தது. நாளை அவளுடைய ஆண்டுப் பூசை.

இன்று சாயங்காலம் பாப்பா வருகிறாள். பெயர் ஜெமிமா. அம்மா போன நாளிலிருந்து புன்னைக்காயலில் சுஜிதாவின் அக்கா பிளாரன்ஸ் வீட்டில் வளர்கிறாள். இனி இங்கேதான் இருக்கப் போகிறாள். அது முடிவாகிவிட்டது, ஏறக்குறைய. பிளாரன்ஸ் ஒரு தடவை வீட்டைப் பார்ப்பாள். அடுப்படியைப் பார்ப்பாள். பிடித்திருந்தால் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள். இல்லையென்றால் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், பிறகு தரமாட்டாள். அதற்காகத்தான் இந்தக் கறி. வீட்டில் சமைக்கிறவன் ஒருவன் இருக்கிறான் என்று அந்த வாசமே சொல்லட்டும் என்று நினைத்தான்.

இஞ்சியையும் பூண்டையும் தட்டினான். பழுப்புச் சீனிக்குப் பதில் கருப்பட்டியைச் சீவினான். சோயா, நல்லெண்ணெய், மிளகாய் விழுது, துருவிய ஆப்பிள். கறியைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் பிரட்டிக் குக்கரில் போட்டான்.

கொரியாக்காரன் பிளக்குக்குத் தடித்த கால்கள். சமையலறையில் எதிலும் நுழையவில்லை. ஏ.சி. மாட்டுவதற்கென்று ஹாலில் போட்டிருந்த பெரிய பிளக் பாயிண்டில் மட்டும் நுழைந்தது. ஒயர் குட்டை. அந்தப் பிளக்குக்குக் கீழே, சுவரோரம், தரையில்தான் குக்கரை வைக்க முடியும்.

அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரித் தட்டு இருந்தது. சுஜிதாவைக் கிடத்தியிருந்த இடம். அவர்கள் ஊர் வழக்கப்படி ஆண்டுப் பூசை முடியும்வரை அந்த இடத்தில் மெழுகுதிரியைத் தவிர எதையும் வைப்பதில்லை. கட்டில் போடுவதில்லை, உட்காருவதில்லை. சூடான எதையும் அங்கே கொண்டுபோகவே கூடாது. "போறவங்க குளுந்துதான் போவணும் தம்பி. சூட்டக் காட்டினா திரும்பிப் பாக்கும்" என்று பிளாரன்ஸ் அன்றைக்கே சொல்லியிருந்தாள். அவன் எம்.காம். படித்தவன். துறைமுகத்தில் சரக்கு அலுவலகத்தில் வேலை. தலையை மட்டும் ஆட்டியிருந்தான்.

நாளைக்கு ஆண்டு முடிகிறது. ஒரு நாளில் என்ன. மெழுகுதிரித் தட்டை ஜன்னலில் எடுத்து வைத்தான். குக்கரை அங்கே வைத்தான். சுவிட்சைப் போட்டான். சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

வீட்டைக் கூட்டினான். பாப்பாவுக்கென்று வாங்கிய சின்ன மெத்தையை உள்ளறையில் விரித்தான். வெளியே உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஒருதரம் ஊதிவிட்டு அடங்கியது. ஜன்னல் கம்பியில் படிந்திருந்த கரித்தூளைத் துடைத்தான். முதுகு வேர்த்து வழிந்தது. ஹாலைக் கடக்கும்போது மட்டும் உள்ளங்காலுக்குத் தரை சில்லென்றிருந்தது. டைல்ஸ் தரை அப்படித்தான்.

பிளாரன்ஸ் போன் பண்ணினாள்.

"தம்பி, சாயங்காலம் வந்துருவோம். பிள்ளைக்குப் பாலு இருக்குல்லா?"

"இருக்கு மைனி."

"கறி வைக்கியளாமே. சிலுவை சொன்னான். எங்க வீட்டுக்காரரு சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும். நீங்க கொரியா வரைக்கும் போயிட்டிய."

அவன் சிரிக்க முயன்றான்.

"இந்தா பாருங்க, எனக்குப் பிள்ளைய விட மனசே இல்ல. எங்கிட்டயே ஒட்டிக்கிட்டா. ஆனா அவ கடைசியாச் சொன்னது ஒண்ணு இருக்குல்லா. 'பாப்பாவ நீங்களே வளங்க'ன்னு உங்கட்டச் சொல்லிட்டுப் போயிருக்கா. அதுக்காவத்தான் விடுதேன்."

"சரி மைனி" என்றான்.

போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்த ஜன்னல் கம்பியை மறுபடி துடைத்தான்.

வெயில் தாழ்ந்ததும் மாடி வீட்டு கிருபாபாய் கொடியில் துணி எடுக்க இறங்கி வந்தவர் வாசலில் நின்றார்.

"காலையிலயே கறி வாங்கிட்டுப் போனியே, இன்னுமா அடுப்புல ஏத்தல?"

"ஏத்தி ரொம்ப நேரம் ஆச்சு அக்கா."

"மணமே வரலியே. எனக்கு மூக்கு அடைச்சிருக்கோ என்னமோ." அவர் ஒருதரம் மூச்சை இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. "ஆசுபத்திரி வாசன மாதிரில்லா அடிக்கி. பினாயில் விட்டுத் தொடச்சியா?"

அவன் பினாயில் வாங்கி மாதக் கணக்காகிறது.

கிருபாபாய் மேலே போனதும் குக்கருக்கு முன்னால் குந்தினான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மூடி வெளுத்துப்போய் உள்ளே எதுவும் தெரியவில்லை. உள்ளே ஆவி படிந்திருக்கும் என்று நினைத்து விரலால் தொட்டான். ஈரம் விரலில் ஒட்டியது. வெளிப்பக்கம். துண்டை எடுத்து வட்டமாகத் துடைத்தான், துடைத்த இடம் ஒரு கணம் தெளிந்து மறுபடி மெல்ல வெளுத்தது, மறுபடியும் துடைத்தான், அப்போதுதான் இந்தக் கை இதே இடத்தில் இதே மாதிரி முன்பு துடைத்திருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது.

சிலுவை கப்பலிலிருந்து இறங்கி வந்து சேரும்வரை சுஜிதாவை ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தார்கள். இதே இடத்தில். இதே பிளக்கில். மேலே கண்ணாடி. கண்ணாடியில் நீர் பூத்துக்கொண்டே இருக்கும். முகம் பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அவன்தான் துண்டால் துடைத்துவிட்டான். துடைத்த வட்டத்துக்குள் அவள் மூக்கும் நெற்றியும் தெரியும், பிறகு மறையும். ரோஜா மாலை, பினாயில், பெட்டிக்கே உரிய ஒரு தகர வாசனை. எல்லாரும் தூங்கிய பிறகும் பெட்டி மட்டும் ம்ம்ம் என்று உறுமிக்கொண்டே இருந்தது.

துண்டைக் கீழே போட்டான். மூடியைத் திறந்தான்.

கறி வேகவில்லை. சிவப்பாக, போட்டபடியே கிடந்தது. குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளை ஏடாக உறைந்திருந்தது. அதற்கும் மேல் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. உப்பு என்று நினைத்து விரலை வைத்தான். சுட்டது போலிருந்தது. கையை உதறிய பிறகுதான் தெரிந்தது, அது சூடு இல்லை.

குக்கரின் பக்கத்தைத் தொட்டான். அது கொதித்தது. மிஷின் வேலை செய்கிறது. அடியிலிருந்து சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தச் சூடு கறிக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கோ போகிறது.

பிளக்கைப் பிடுங்கினான். ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

மிஷின் கெட்டுவிட்டது, கறியை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஓட்டலில் ஏதாவது வாங்கி வந்துவிடலாம், பிளாரன்ஸுக்குத் தெரியாது என்று அவன் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தபோது, தெருவில் லாரிச் சத்தம் ஓய்ந்து, மாடியில் கிருபாபாயின் டி.வி. ஓய்ந்து, வீடு ஒரு நிமிஷம் சுத்தமாக அமைதியானது, அந்த அமைதிக்கு அடியில் ஒரு உறுமல் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டான்.

ம்ம்ம்.

ஃபிரிட்ஜாக இருக்கும். சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜை அணைத்தான். ஃபேனை அணைத்தான். மெயினையே அணைத்தான்.

ம்ம்ம்.

ஹாலிலிருந்து. சுவரோரத்திலிருந்து. தரையோடு தரையாக.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"இறங்குளா தங்கம். அப்பா வீடு வந்துட்டு பாரு" என்று பிளாரன்ஸின் குரல்.

அவன் வாசலுக்கு ஓடினான். சொல்லிவிடலாம். இன்றைக்கு வேண்டாம் மைனி, பிள்ளையை உள்ளே கொண்டுவர வேண்டாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த இடத்தில் சூடு வைத்தேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பாப்பா அதே ஆட்டோவில் திரும்பிப் போவாள். போனால் வரமாட்டாள்.

கேட்டைத் திறந்துவிட்டான்.

பாப்பா படியில் நின்றாள். மஞ்சள் கவுன். தலையில் இரண்டு குடுமி. அவனை ஏறிட்டுப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அவன் கைநீட்டினான். வந்தாள். உள்ளங்கை ரொட்டி போலச் சூடாக இருந்தது.

"ஏன் தம்பி இருட்டாக் கெடக்கு? கரண்டு இல்லியா?"

"இப்ப வந்துரும் மைனி."

"பையெல்லாம் ஆட்டோவுல இருக்கு. பாத்துக்கிடுங்க, எடுத்துட்டு வாரேன்." பிளாரன்ஸ் திரும்பினாள். "ஏலே, மெதுவா இறக்குலே, உள்ள பால் டப்பா இருக்கு. உங்க ஆத்தா வீட்டு மீன்கூடையா இது?"

மெயினைப் போட வேண்டும். போர்டு வாசலுக்குப் பக்கத்திலேயே. பாப்பாவின் கையை விட்டான். சுவிட்சைத் தள்ளினான். ஃபேன் சுற்றியது. திரும்பினான்.

பாப்பா ஹாலைப் பாதி கடந்திருந்தாள்.

அந்த வீடு அவளுக்கு நினைவிருக்க நியாயமில்லை. விரித்து வைத்த மெத்தை இருந்தது, வாங்கி வைத்த பொம்மை இருந்தது. எதையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரோரம் போனாள். குக்கரைச் சுற்றிக்கொண்டு போய் நின்றாள். யாரோ மெல்லப் பேசுவதைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்தாள்.

"ஜெமிமா."

திரும்பவில்லை.

உட்கார்ந்தாள். ஒருக்களித்துப் படுத்தாள். முழங்காலை மடக்கிக்கொண்டாள். பால் குடிக்கிற காலத்தில் அப்படித்தான் படுப்பாள்.

தலை தரையைத் தொடவில்லை.

தரைக்குச் சற்று மேலே நின்றது. கன்னம் எதன்மேலோ அழுந்தி ஒருபக்கமாக உப்பியிருந்தது. கண் சொருகியது. வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. சுருண்டு, கலைந்து, மறுபடி வந்தது. தூத்துக்குடியில், ஐப்பசிப் புழுக்கத்தில்.

அவன் விழுந்தடித்துப் போனான். தூக்கினான். வரவில்லை. கக்கத்தில் கைகொடுத்து இழுத்தான். எதிர்ப்பக்கமும் ஒரு இழுப்பு இருந்தது. முரட்டு இழுப்பு இல்லை. விடமாட்டேன் என்கிற இழுப்பு. மஞ்சள் கவுனின் முதுகில் துணி உள்ளே குழிந்தது. ஒரு இடத்தில். பக்கத்தில் ஒன்று. பக்கத்தில் ஒன்று. விரல்விரலாக.

ரொட்டி போலிருந்த கை ஆறிக்கொண்டிருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. பாப்பா அழவில்லை. இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டாள்.

உறுமல் நின்றது.

வெளியே பிளாரன்ஸ் ஆட்டோக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சுஜிதா கடைசியாக என்ன சொன்னாள் என்று அன்றைக்கு அவள் கேட்டபோது, ஊரே சுற்றி நின்று கேட்டபோது, ஜாய்சன் வாயில் வந்ததைச் சொல்லியிருந்தான். நீங்களே வளங்க என்று சுஜிதா சொல்லவில்லை. அப்படி எதுவுமே சொல்லவில்லை. காய்ச்சல் ஏறிய அந்த ராத்திரி பல் கிடுகிடுக்க, கண்ணைத் திறக்காமல், ஒரு கையை மட்டும் பாயில் பக்கவாட்டில் நீட்டிவைத்தாள். பிள்ளைக்கும் ஒட்டிவிடும் என்று பயந்து, அது தூங்கிய உள்ளறைக் கதவை அவன் சாத்திவிட்டான். விடிந்தபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. அதன்பிறகு பேசவே இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்.

"குளிருதுங்க. பாப்பாவத் தூக்கிட்டு வந்து எங்கிட்டப் போடுங்க."