கழித்தபின் மிஞ்சியது

மகள் பாடிய பாட்டில் ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது.

முதலில் அவருக்குக் குஷியாகத்தான் இருந்தது, ஆதாரம் சிக்கிவிட்டதே என்று. ஒரு வாரமாக மைத்துனனோடு ஃபோனில் வாய்ச்சண்டை. "எம்பித்ரீயா இருந்தா என்ன மாமா, பாட்டு பாட்டுதானே? உங்களுக்கு வித்தியாசம் கேக்குதுங்கறது வெறும் பிரமை." கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று திட்டியும் அவன் அடங்கவில்லை. அதனால்தான் இன்று மாலை மகளைப் பாடவைத்துப் பதிவு செய்தார்; அதையே கோப்பின் அளவு குறையும்படி எம்பித்ரீயாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தை முழுப் பதிவிலிருந்து கழித்தார். மிஞ்சுவது, மனிதக் காதுக்குத் தேவையில்லை என்று கணினி தூக்கி எறிந்தது மட்டும்.

ஹெட்போனில் மணல் சலிப்பது போன்ற வழக்கமான சரசரப்பு. அதற்குள் ஃபேனின் முனகலும், ஜன்னல் கண்ணாடியின் அதிர்வும், மகள் கால் மாற்றி நின்றபோது தரை கொடுத்த சத்தமும் தேய்ந்து தேய்ந்து கேட்டன. அவற்றுக்கும் அடியில், அவள் மூச்சிழுப்பதற்குச் சற்று முன்னால், இன்னொன்று மூச்சிழுத்தது.

ஒலியைக் கூட்டினார். மகளின் குரலேதான். ஒவ்வொரு அடியையும் அது முதலில் பாடியது, அவள் பின்னால் பாடினாள். அவள் இருமிய இடத்திலும் அதுதான் முதலில் இருமியது. எதிரொலி என்றால் பின்னால்தானே வரவேண்டும்?

பாட்டு முடிந்தது. அறையின் அமைதியும் பதியட்டும் என்று கடைசியில் கொஞ்ச நேரம் விட்டிருந்தார். மகள் அப்போது உதட்டில் விரல் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். வாயே திறக்கவில்லை.

"அப்பா, பசிக்குது," என்றது ஹெட்போன்.

திரும்பினார். வாசலில் மகள், கையில் பாதி சீவிய பென்சில். ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார்.

"அப்பா, பசிக்குது."

அதே இழுவை.

"இதோ... வரேன்டா கண்ணு." நிறுத்திவிடலாம். விரல் நகரவில்லை.

"அம்மா ஏன் இன்னும் வரல?" ஹெட்போன்.

"அம்மா ஏன் இன்னும் வரல?" மகள்.

பயம் தனக்காக இல்லை. இவளுக்காக. ஒரே பிள்ளை.

மணல் சரசரத்தது. ஒரு மூச்சு. பிறகு, மிக அருகில், செல்லமாக:

"இவ இருந்தது போதும்ப்பா. இனிமே நானே இருக்கேன்."

மகள் மூச்சிழுத்தாள்.

பாய்ந்தார். ஹெட்போன் தரையில் விழுந்தது. அவள் வாயைப் பொத்தினார். இறுக்கமாக. சொல்லவிடக் கூடாது.

உள்ளங்கைக்கு அடியில் அந்தச் சின்ன உதடுகள் அசைய ஆரம்பித்தன.