கறுப்புச் சட்டைக்கு முகம் இல்லை

செல்போன் அலறியது.

பக்கத்தில் பிணம்!

தரையெல்லாம் சிவப்பு. வாய் ஒரு பக்கமாகக் கோணிக் கிடந்தது. விலாவில் கத்தி. செல்போன் அலறிக்கொண்டே இருந்தது... எடுக்க ஆளில்லை.

பிணம் தும்மியது.

"கட்! கட்!" என்று கத்தினான் மாறன். "டேய் கோபி, செத்தவன் எங்கனாடா தும்முவான்?"

"ரோஸ்மில்க் எசன்ஸ் மூக்குல ஏறிடிச்சிடா. நீ வந்து படு, அப்ப தெரியும்!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது. அக்குளில் இடுக்கியிருந்த கத்தி கீழே விழுந்தது.

அட்டைக் கத்தி இல்லை. நிஜக் கத்தி. பளபளப்பு வேண்டும் என்று மாறன் கடைத்தெருவில் தேடி வாங்கி வந்தது. புத்தி கெட்டவன்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்து. அதில் திருமலை என்பவர் வீட்டு மாடி அறை. கல்லூரியில் சினிமா படிக்கிற நான்கு பேர் அங்கே இருந்தார்கள். த்ரில்லர் படம் ஒன்றின் ஆரம்பக் காட்சியை மட்டும் எடுத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார் வாத்தியார்.

மாறன்தான் டைரக்டர். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். இடது கைக்காரன். யாரையும் நம்புவான். அதுதான் அவனுக்கு வியாதி.

"நல்லா கேட்டுக்குங்க! ரூல் ஒன்னு, எடுத்தவுடனே பிணம். ரூல் ரெண்டு, போன் அடிக்கணும், எவனும் எடுக்கக் கூடாது. ரூல் மூனு, கொலைகாரன் கையக் காட்டு, முதுகக் காட்டு. மூஞ்சிய மட்டும் காட்டாத. மூஞ்சி கடைசி சீன்லதான்!"

"அடேங்கப்பா! இவரு எடுத்துக் கிழிச்சி, ஊரே கையெழுத்து வாங்க நிக்கப் போவுது" என்றான் இளஞ்செழியன். மாறனோடு ஒரே தட்டில் தின்கிற சினேகிதன். மாறன் தோளில் எப்போதும் ஒரு கை போட்டிருப்பான்.

அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று மாறன் ஒருநாளும் பார்த்ததில்லை.

மதிவதனி சிரித்தாள். அவள்தான் கேமரா. கட்டினால் இவளைத்தான் என்று மாறன் தன் வீட்டில் சொல்லி வைத்திருந்தான்.

"ஆட்டோலயா வந்த மதி? காரு இன்னாச்சி?" என்றான் மாறன்.

"சர்வீசுக்கு விட்டிருக்கேன்" என்றாள்.

கோபி தலையைக் குனிந்துகொண்டான்.

"மாறா... உன்கிட்ட ஒன்னு சொல்லணும்டா. ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

"வெளிச்சம் போவுது மாறா! கெளம்பு!" மதிவதனி அவசரப்படுத்தினாள்.

"வந்து கேக்கறேன்டா கோபி. நீ அப்படியே படுத்துக் கெட. அடுத்த ஷாட்டுக்கும் இதே ரத்தம்தான். கலைச்சிடாத! என் போனும் அங்கயே இருக்கட்டும்."

கோபி மறுபடி பிணமானான்.

காட்சி இதுதான். கொலைகாரன் கறுப்புச் சட்டை போட்டு, தலையில் அதன் தொப்பியை இழுத்துவிட்டு, கையில் ஒரு பையோடு மலை சுற்றுகிற கூட்டத்தில் கலந்து போகிறான். கேமரா பின்னாலேயே போகிறது. நடப்பது மாறன். எடுப்பது மதிவதனி, அவளுடைய செல்போனில்.

"நான் திரும்ப மாட்டேன். நீயும் கூப்புடாத. எவனோ திருட்டுத்தனமா எடுத்த மாதிரி இருக்கணும். காட்டுப் பக்கம் வந்ததும் நான் ஷேர் ஆட்டோ புடிச்சி ரூமுக்கு வந்துடுவேன். நீ நேரா வூட்டுக்குப் போயிடு."

"அந்த இன்னொரு சட்ட எங்கடா?" என்றான் இளஞ்செழியன்.

ரத்தம் படுகிற சட்டை என்றால் சினிமாக்காரர்கள் ஒரே மாதிரி இரண்டு வாங்குவார்கள்.

"அந்த மூலையில இருக்கற பெரிய பையில இருக்குது. எதுக்கு?"

"சும்மா கேட்டேன். நீ போ மாப்ள. நான் டீ குடிச்சிட்டு வரேன்."

அன்றைக்குப் பிரதோஷம். மாலை வெயிலில் ஜனம் வெறுங்காலோடு நடந்தது. மாறன் நடந்தான். திரும்பவில்லை. தான் போட்ட ரூலைத் தானே மீறுவானா?

இருட்டுவதற்கு முன்பே அறைக்குத் திரும்பினான்.

கோபி அப்படியே கிடந்தான்.

"சூப்பர்டா! அசையவே இல்ல போல. எழுந்திரு, டீ குடிக்கலாம்."

கோபி எழவில்லை.

"டேய்... போதும்டா நடிப்பு."

மாறன் குனிந்து அவன் தோளைத் தொட்டான். கை சூடாக நனைந்தது. ரோஸ்மில்க் வாசனை இல்லை. கத்தி அக்குளில் இல்லை...

மார்பில் இருந்தது!

"கோபீ!"

இடது கையால் கத்தியைப் பிடித்து இழுத்தான். வந்துவிட்டது.

அப்போது பிணத்தின் பக்கத்தில் அவனுடைய செல்போன் அலறியது. திரையில் இளஞ்செழியன் பெயர். பாய்ந்து எடுத்தான்.

"இளஞ்செழியா! கோபிய எவனோ..."

"டேய் மாறா! இன்னாடா பண்ண அவன?"

குரல் போனிலும் கேட்டது. வாசலிலும் கேட்டது.

மாறன் திரும்பினான். கதவில் இளஞ்செழியன். அவனுக்குப் பின்னால், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்காரர் திருமலை.

மாறன் கையில் கத்தி சொட்டிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் ஸ்டேஷனில் விசாரணை.

இன்ஸ்பெக்டர் ரேணுகாம்பாள் டீயை உறிஞ்சினார்.

"கத்தி நீ வாங்கனது. கைரேகை உன்னுது. உன் போனு சாயங்காலம் பூரா அந்த ரூம்லதான் இருந்திருக்குது. இன்னும் இன்னா தம்பி சொல்லப் போற?"

"நான் ரூம்லயே இல்ல மேடம்! மலை சுத்தற ரோட்டுல நடந்துக்கினு இருந்தேன். வீடியோ இருக்குது. மதிகிட்ட கேளுங்க!"

"வீடியோல இருக்கறது நான்" என்றான் இளஞ்செழியன்.

மாறன் அவன் பக்கம் திரும்பினான்.

"என்னடா சொல்ற...?"

"சாரி மாறா. கோபிகூட தனியா பேசணும், நீ போயி நடன்னு நீதானடா என்ன அனுப்புன? இன்னொரு சட்டயப் போட்டுக்கினு நான்தான நடந்தேன்? உனக்காகப் பொய் சொல்ல என்னால முடியாதுடா."

கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடிப்பில் கோபியை விடக் கெட்டிக்காரன்!

"மூஞ்சி தெரியுதாம்மா?" ரேணுகாம்பாள் மதிவதனியைக் கேட்டார்.

"தெரியல மேடம். மூஞ்சி வரக் கூடாதுன்னு மாறன்தான் ரூல் போட்டான்." மதிவதனி விம்மினாள். "நான் தூரமா பின்னாடியே வந்தேன். நடக்கறது மாறன்னுதான் நெனைச்சேன். ஆனா ராத்திரி வீடியோவப் பாக்கும்போது... பை வலது கையில இருந்திச்சி. மாறனுக்கு எல்லாமே இடது கைதான் மேடம்."

"மதி! நான் இடது கையிலதான் புடிச்சிருந்தேன்!"

"நானும் அப்படித்தான் இருக்கணும்னு சாமிய வேண்டிக்கினு பாத்தேன் மாறா..."

ரேணுகாம்பாள் அவள் செல்போனை மேசைமேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டார்.

கூட்டம். கறுப்புச் சட்டை முதுகு. வலது கையில் பை. காட்டுப் பக்கமாகப் பார்த்து எடுத்திருந்தார்கள். கடை இல்லை, போர்டு இல்லை, ஒரு எழுத்து இல்லை. முதுகுக்கு அப்பால் மலை மட்டும் நின்றது.

வீடியோ முடிந்தது.

கழுத்துக்குக் கயிறு வந்துவிட்டது என்று மாறனுக்குப் புரிந்தது. அவன் போட்ட ரூல். அவன் கழுத்து.

"ஏட்டய்யா, ரிமாண்டுக்கு எழுதுங்க" என்றார் ரேணுகாம்பாள்.

"மேடம்! இன்னொரு வாட்டி போடுங்க!"

"எத்தினி வாட்டி போட்டாலும் அதே முதுகுதான் தம்பி."

"முதுகப் பாக்காதீங்க மேடம்... மலையப் பாருங்க!"

ரேணுகாம்பாள் பார்த்தார். டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

மலை இடது பக்கம் நின்றது!

"நம்மூருல மலைய எந்தப் பக்கம் வெச்சி சுத்துவாங்க மேடம்?"

"வலது பக்கம்..." என்றார் மெதுவாக.

"இதுல மொத்த ஜனமும் மலைய இடது பக்கம் வெச்சிக்கினு போவுது! பிரதோஷம் அன்னிக்கி ஊரே தலைகீழா சுத்திச்சா? வீடியோவக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டிருக்காங்க மேடம். என் இடது கைய வலது கையாக்கிட்டாங்க!"

ரேணுகாம்பாள் திரையைப் பெரிதாக்கினார்.

"அட ஆமா... பொம்பளைங்க முந்தானை எல்லாம் வலது தோள்ல இல்ல தொங்குது! ஏட்டய்யா, கதவ சாத்துங்க."

இளஞ்செழியன் எழுந்தான். ஏட்டு அவனை நாற்காலியிலேயே அழுத்தினார். கன்னத்தில் ஒரு அறை. ஒன்று போதுமாக இருந்தது.

"அடிக்காதீங்க சார்! சொல்லிடறேன்... கோபிய நான்தான் குத்தனேன். அவன் படுத்துக் கெடந்தான். ஷூட்டிங்குன்னு நெனைச்சி கண்ணக்கூட தொறக்கல..."

மாறன் அவன் சட்டையைப் பிடித்தான். "ஒரே தட்டுல தின்னமேடா! மதி போன வாங்கி வீடியோவயும் நீதான மாத்தின? நம்பிக் குடுத்திருப்பா அவ. மதி, எப்ப வாங்கனான்னு சொல்லு!"

மதிவதனி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு மதி! பயப்படாத!"

இளஞ்செழியன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"லூசாடா நீ? அந்த போனு என் கைக்கே வரலடா."

அவன் மதிவதனி பக்கம் கையை நீட்டினான்.

"போன வாரம் செங்கம் ரோட்டுல ஒரு பூக்காரம்மாவ எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்னு ஊரே பேசிச்சே, அது எவனும் இல்ல. ஓட்டனது இவ. பக்கத்துல நான். பின்சீட்டுல கோபி. அந்தம்மா செத்துட்டாங்கன்னதும் ஸ்டேஷனுக்குப் போயி சொல்லிடறேன்னு நின்னான். உன்கிட்டயும் சொல்ல வந்தான். அதான் முடிக்க வேண்டியதாயிடிச்சி."

"உன் காருல... இவன் எதுக்கு மதி?"

மதிவதனி நிமிர்ந்தாள். கண்ணில் இப்போது ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"அது கூடவா சொல்லணும்?"

மாறன் சுவரில் சாய்ந்தான்.

"சரி... அவன்கூட போயிருக்கலாமே. என்ன ஏன் மாட்டி விட்ட?"

"வேற யாரு மாறா, தானே ரூல் போட்டு, தானே சட்டயப் போட்டுக்கினு, ஒருவாட்டி கூட திரும்பிப் பாக்காம நடப்பாங்க?"

ஊர்க்காரிதான். இடது கை எது, வலது கை எது என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பார்த்தவள், பின்னால் அவ்வளவு பெரிசாக நின்ற மலையைப் பார்க்கவில்லை. சாமிக்காக ஒருநாளாவது சுற்றி வந்திருந்தால்தானே? அந்தப் பக்கம் காரில் போனாலும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவள்.

பெண் போலீஸ் வந்து அவள் கையைப் பிடித்தார்.

"ஏட்டய்யா, ரெண்டு பேரையும் போட்டோ எடுங்க" என்றார் ரேணுகாம்பாள். மாறனைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "நீ போலாம் தம்பி. வேற ஏதாவது சொல்லணுமா?"

மாறன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். மதிவதனியை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்தான்.

"ஒன்னே ஒன்னு மேடம். கடைசி சீன் வந்திடுச்சி... முன்னாடி ஒன்னு, சைடுல ஒன்னு, மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி எடுக்கச் சொல்லுங்க!"