ஆளில்லாத வாசல்

பழைய படங்களை வாங்கி விற்பவன் நான். அன்று மதியம் ஒரு படத்துக்கு விலை பார்த்துச் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் ஒரு அப்பாவும் சின்ன மகளும் மட்டும்தான்.

படத்தைப் பார்த்ததுமே சப்பென்று ஆகிவிட்டது. ஓட்டு வீடு, திறந்த வாசல், பக்கத்தில் மரம். ஆயிரக்கணக்கில் அச்சடித்துத் தள்ளியது. என் கடையிலேயே மூன்று தூங்குகின்றன. பிரேமுக்குத்தான் ஏதாவது தேறும்.

பிறகுதான் கவனித்தேன். இதில் வாசற்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மற்ற எதிலும் ஆள் கிடையாது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அச்சான பிறகு யாரும் வரைந்து சேர்த்தது இல்லை. அவளும் அந்த வீட்டைப் போலவே வெறும் அச்சுப் புள்ளிகள். இப்படி மாறி வந்த பிரதிக்கு விலையே வேறு. எனக்கு ஆசை வந்துவிட்டது.

"அது அம்மா," என்றாள் குழந்தை. "என்னைய வா வான்னு கூப்புடுறாங்க."

அப்பா என்னைத் தனியே இழுத்தார்.

"அவ போன மறுவாரந்தாங்க இதுல வந்து உக்காந்தா. நீங்க சொல்றதுதான் விலை. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. ஆனா இங்க வெச்சு பிரேம் கண்ணாடியைக் கழட்டாதீங்க."

மனைவியைப் பறிகொடுத்தவர், பாவம், ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன். பின்பக்கத்தையும் ஓரங்களையும் பார்க்காமல் நான் விலை சொல்வதில்லை. அவர் தண்ணீர் எடுக்க உள்ளே போனதும் ஆணிகளை நெம்பிக் கண்ணாடியை எடுத்தேன்.

பூட்டிக் கிடந்த நோயாளி அறையைத் திறந்ததுபோல் மருந்து வாடை அடித்தது.

படத்தில் வாசல் காலியாக இருந்தது.

என் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பயந்துதான் போனேன். குனிந்த தலை நிமிராமல் கண்ணாடியைப் பொருத்தி, படத்தை இடுக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறினேன்.

கடைக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"பாப்பா உங்க பின்னாடியே வந்துட்டாளாங்க? வீடு பூராத் தேடிட்டேன்..."

"இல்லீங்களே," என்றபடி படத்தைச் சுவரில் சாய்த்தேன்.

வாசற்படியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

மடியில் குழந்தை.

ஒரு கண்ணை மூடி, மறுகண்ணில் என் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. போனில் அப்பா அழத் தொடங்கியிருந்தார். நான் ஆணியை நெம்பக் கையை நீட்டினேன்.

படத்திலிருந்த குழந்தை, வேண்டாம் என்று தலையாட்டியது.