ஐந்து பச்சை விளக்குகள்

பள்ளி வாசலில் நிற்கும் துடைப்பான் எந்திரம் வாகை சாரின் நெற்றியை ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்தது. சட்டையை முகர்ந்தது. டிபன் பாக்ஸைத் திறந்தது. “சுண்டல். சந்தேகத்துக்கு இடமானது” என்று பறிமுதல் செய்துவிட்டு, நாலு இட்லியை வைத்து மூடியது. 2094-இல் பாளையங்கோட்டைப் பள்ளியில் எந்த நாளும் இப்படித்தான் தொடங்கும்.

வாகை என்பது அவர் அப்பா வைத்த பெயர் அல்ல. உலகநோக்குப் பாடம் எடுப்பவர்கள் எல்லோருக்கும் மரத்தின் பெயர்தான். பாடப் புத்தகம் கிடையாது. எல்லா மதத்துக் கதைகளையும், மதமே வேண்டாம் என்பவர்களின் கதைகளையும் வாயால்தான் சொல்ல வேண்டும். சொல்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது; வாசல் சோதனையும் அதற்குத்தான். ஆண்டு முடிவில் வகுப்பே ஓட்டுப் போடும். பாதிப் பேருக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தால் கதை உரிமம் ரத்து. அதன்பின் ஆசிரியருக்குக் கணக்குப் பாடம்தான்.

கணக்கு என்றாலே வாகை சாருக்கு ஆகாது. ஓட்டோ இன்றைக்கு.

ஏழாம் வகுப்பு துப்பறியும் இலாகாவாகவே மாறியிருந்தது.

“சார், போன வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க போனீய?” என்றாள் ஷாஹிதா.

“பல் டாக்டர்ட்ட.”

“ஞாயித்துக்கிழமை காலைல?” இது பெனடிக்டா.

“அதே பல்லு.”

“செவ்வாக்கிழமை முடி வெட்டுவீயளா சார்?” என்று மடக்கினான் கோமதிநாயகம்.

“வெட்டுறதுக்கு முடி இருந்தாத்தானலே!”

எந்தக் கதை என்று குலுக்கிப் போடும் கதைக்குடுவை சுழன்று, கடைசிக் கதையாக ஒரு நாத்திகரின் கதையைத் துப்பியது. வெள்ளத்தில் கோயில் சிலையைத் தன் படகில் ஏற்றிக் காப்பாற்றியவர். சார் ஆரம்பித்ததும் மின்விசிறிச் சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது.

“‘சாமியே இல்லைங்கிறவரு, இதை ஏன் வேய் சுமக்கீரு?’ன்னு பூசாரி கேட்டாராம். ‘சாமிய எனக்குத் தெரியாது. உம்ம அழுகை நெசம்லா?’ன்னாராம்.”

சொல்லும்போதே சாரின் குரல் உடைந்தது. செத்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஓட்டு முடிந்ததும் தலைமையாசிரியை சந்திரவதனா முடிவைத் திரையில் போட்டார். இந்து பதினொன்று, இஸ்லாம் பத்து, கிறிஸ்தவம் பத்து, சமணம் மூன்று, நம்பாதவர் ஆறு. வகுப்பில் ரகளை.

“எங்க கதையிலதான் சார் அழுதாவ!”

“போடீ, எங்க கதைக்கு மூக்கே சிந்துனாவ!”

ஒவ்வொரு பிள்ளையும் அவரைத் தன் வீட்டு ஆளாகவே நினைத்திருந்தது. சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“தப்பிச்சீங்க” என்று சிரித்தபடி, தலைமையாசிரியை தன் அறையில் மெய்மானியை அவர் விரலில் மாட்டினார். “இனி வெறும் சடங்குதான். ஐந்தையும் வரிசையா ‘நான் இது’ன்னு சொல்லுங்க. நெசமானதுக்குப் பச்சை எரியும், மத்ததுக்குச் சிவப்பு. ஒரே ஒரு பச்சை மட்டும் வந்தா, உரிமம் புதுப்பிச்சாச்சு.”

சார் முதலாவதைச் சொன்னார். பச்சை. இரண்டாவது. பச்சை. தலைமையாசிரியை மெய்மானியை ஒரு தட்டுத் தட்டினார். மூன்று, நான்கு, ஐந்து... எல்லாம் பச்சை.

வேறு மெய்மானி வந்தது. அதிலும் ஐந்து பச்சை.

“சார், விளையாடாதீங்க. வீட்ல நீங்க யாரு?”

“இருபது வருஷம் மேடம். ஒவ்வொரு கதையையும் நம்பாம எப்படிச் சொல்றது?” சார் விரலைத் துடைத்துக்கொண்டார். “எது முதல்ல என்னோடதா இருந்துச்சுன்னு தெரியும். எது இப்ப என்னோடது இல்லைன்னுதான் தெரியல.”

விதியில் ஐந்து பச்சைக்குக் கட்டம் இல்லை. உரிமம் ரத்து.

திங்கட்கிழமை அதே ஏழாம் வகுப்புக்குள் கணக்குப் புத்தகத்தோடு நுழைந்தார். மரப்பெயர் போயிருந்தது. நாற்பது முகங்களும் இழவு வீடு மாதிரி இருந்தன. சார் பகா எண் பக்கத்தைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

“ஒரு ஊர்ல ஒரு ஏழு இருந்துச்சு. ரெண்டு வந்து கூப்பிட்டுது, மூணு வந்து கூப்பிட்டுது. யாருக்கும் அது பிரிஞ்சு கொடுக்கல. தனியாவே நின்னுச்சு, பாவம்...”

மின்விசிறிச் சத்தம் துல்லியமாகக் கேட்டது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

ஷாஹிதா மெல்லக் கை தூக்கினாள்.

“சார், அந்த ஏழு எந்தப் பக்கத்து ஆளு?”