குழந்தை டாக்டருக்கு வைத்திருந்த ரகசியம்

சுண்டெலிக்குப் பன்னிரண்டு வயது முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவளுடைய டாக்டரை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள்.

"பன்னிரண்டு முடிஞ்சா மேல் மாடிம்மா. இங்க சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான்" என்றார் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கும் அக்கா.

"நான் சின்னப் பிள்ளைதான். பாத்தாலே தெரியலையா?"

அவள் உயரத்தைப் பார்த்துத்தான் அப்பா அவளைச் சுண்டெலி என்று கூப்பிடுவார். அக்கா சிரித்தாரே தவிர மசியவில்லை.

பிறந்ததிலிருந்தே சுண்டெலியின் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறப்பதில்லை. வால்வு என்றால் ரத்தம் வெளியே போகிற சின்னக் கதவு. கீழ் மாடிக் குழந்தை டாக்டர்தான் இத்தனை வருடமும் அவளைப் பார்த்துவந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் முடிந்ததும் அப்பாவிடம், "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கதவு சாத்தியதும், "இப்ப நீ சொல்லு, ராஜாத்தி" என்பார். வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அவள் அப்போதுதான் சொல்வாள்.

இந்த முறையும் ஒன்று வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் படி ஏறும்போது தலை சுற்றுகிறது. ஒரு நாள் கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. போன தடவை டாக்டர் லேசாக முகம் சுருக்கியதற்கே, அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். வெளியே வந்து, "கண்ணுல சோப்பு பட்டுடுச்சு" என்றார். அவர் முகம்கூட நனைந்திருக்கவில்லை, கண் மட்டும்தான்.

அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் இன்றும் அப்பாதான் வந்திருந்தார். லிஃப்ட் அவர்களை மேல் மாடியில் கொண்டுவந்து விட்டது. அங்கே கதவுக்குக் கதவு பலகை. எலும்பு மருத்துவர், நரம்பியல் நிபுணர், சிறுநீரக நிபுணர். காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆள்.

"பாவம்ப்பா, அவருக்கு மட்டும் மூணு வேலை."

அப்பா சிரித்தார். கடைசிக் கதவில் 'இதயநோய் நிபுணர்' என்று இருந்தது. சுண்டெலி அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

"அப்பா, கீழ 'குழந்தைகள் நல மருத்துவர்'னு போட்டிருந்துச்சு. இங்க 'இதயநோய்'னு போட்டிருக்கு. பன்னிரண்டு வயசு வரைக்கும் நலம், அதுக்கப்புறம் நோயா?"

அப்பா அவள் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.

புது டாக்டர் நல்ல உயரம், நல்ல அவசரம். ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சில் வைத்தார். கேள்விகளை மட்டும் அவள் தலைக்கு மேலே அப்பாவிடம் கேட்டார்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல டாக்டர்."

"மயக்கம், தலைசுற்றல்?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு இடத்துல உக்கார மாட்டா."

"பேஷண்டுக்கு நல்லா பசி எடுக்குதா?"

பேஷண்ட் எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டால் வாயிலிருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? சுண்டெலிக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். "அதே மாத்திரையைப் போடட்டும். ஒரு வருஷம் கழிச்சு வாங்க."

ஒரு வருடமா! சுண்டெலி கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தாள்.

"அப்பா, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"டீயா? இப்பத்தானேம்மா குடிச்சேன். எந்திரி, வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."

டாக்டர் மணியை அடித்துவிட்டார். கதவைத் திறந்து அடுத்தவர் தலையை நீட்டினார். சுண்டெலி எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தலை சுத்துது டாக்டர். படி ஏறும்போது. ஒரு நாள் கண்ணு இருட்டிடுச்சு. அது அப்பாவுக்குத் தெரியாது. அதனால அவரைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க."

டாக்டர் அடுத்தவரை வெளியே இருக்கச் சொன்னார். தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அப்பா இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

உடனே இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் அவளிடமே பேசினார்.

"வால்வு ரொம்ப இறுகிடுச்சும்மா. சீக்கிரமே ஆபரேஷன் பண்ணணும். அதுவரைக்கும் ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது."

"வலிக்குமா?"

"வலிக்கும்." கொஞ்சம் தயங்கி, "நான் உன்னைத்தான் முதல்ல கேட்டிருக்கணும்" என்றார்.

ஆமாம், கேட்டிருக்க வேண்டும். பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லவும் இல்லை.

வெளியே பெஞ்சில் அப்பா இடிந்துபோய் உட்கார்ந்தார். அங்கே திறந்துவிட ஒரு குழாய்கூட இல்லை. எல்லோரும் பார்க்க அழுதார்.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க அழுவீங்க."

"நான் அழுவேன்னு நீ தனியா படியில உக்காந்திருந்தியா?"

அவள் தலையாட்டினாள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே எதுவா இருந்தாலும் என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்."

"அழாம கேப்பீங்களா?"

அப்பா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. "அழுதுக்கிட்டே கேப்பேன். போதுமா?"

சுண்டெலி யோசித்துப் பார்த்தாள். போதும் என்றுதான் பட்டது. அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அப்படீன்னா ஒண்ணு சொல்றேன். எனக்குப் பயமா இருக்குப்பா."

"எனக்கும்தான்டா" என்றார் அப்பா, அழுதுகொண்டே.